பதினாறு, கூடவா குறைச்சலா

அன்றைக்குப் பகல் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், எட்டு மாதம் நிறைந்திருந்த என் மனைவி அம்சா, மகளைப் பார்த்துக்கொள்ளக் கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்திருந்த என் மாமியார், எங்களோடு தங்கி டவுனில் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் மச்சினன் கோவிந்தன். ஐந்தாவது ஆள் உள்ளே வரவில்லை. கறுப்புத் தோல் பெட்டியும் கையுமாக வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குழம்பு வாசனை அப்படி. வயிற்றில் இருந்த பிள்ளையையும் கணக்கில் சேர்த்தால் ஆறு. நான் சேர்த்துத்தான் சொல்வேன், ஏனென்றால் அன்றைக்கு நடந்தது அத்தனையும் அதற்காகவும் அதன் தாய்க்காகவும்தான்.

வாசற்படியில் நின்ற அந்த அம்மாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவருடைய பெயரைக் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் தான்சியம்மா. ரத்த அழுத்தத்துக்குப் பிரெஞ்சில் தான்சியோன் என்று பெயர். இப்போது பஸ்ஸில் சில்லறை இல்லை என்றாலே 'டென்ஷன் ஆகாதீங்க' என்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அந்தச் சொல் அதற்கு ரொம்ப முன்னாலேயே, வேறு உச்சரிப்பில், ஒரு தோல் பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் சொல்தா பெண்சாதி. புருஷன் சைகோனில் செத்துப்போனார். அதற்குப் பிறகு அங்கேயே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி துவைத்து, கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்து, இந்தப் பெட்டியைக் கையாளக் கற்றுக்கொண்டாராம். இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய சமயத்தில் ஊர் திரும்பினார். உயரமான பெண்பிள்ளை. மெல்லிய வெள்ளை வாயில் துணிப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் பட்டாளத்துக் கான்வாஸ் ஜோடு. அந்த ஜோடு மணலில் சத்தமே போடாது. நாம் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பக்கத்தில் நிற்பார்.

"பேசாத. கையக் குடு."

இதுதான் அவர் முதலில் சொல்வது. எந்த வீட்டிலும், யாரிடமும். காசு வாங்கமாட்டார், கூப்பிடாமலே வருவார், வேண்டாமென்றாலும் போகமாட்டார். கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையைப் பிசைந்து, குழலைக் காதில் வைத்துக்கொண்டு, சின்னக் கடிகாரம் மாதிரி இருக்கிற வட்டத்தில் முள் இறங்குவதைப் பார்ப்பார். அப்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. அடுத்த வீட்டில் உரல் இடித்தால்கூட அங்கே திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், உரல் நின்றுவிடும். பிறகு சொல்வார்: "பன்னெண்டு, எட்டு." பெட்டி மூடிக்கொள்ளும். கான்வாஸ் ஜோடு நடந்துவிடும்.

அவ்வளவுதான். எண் மட்டும். அது நல்லதா, கெட்டதா, கஞ்சி குடிக்கலாமா, காரியத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமா, ஒன்றும் சொல்லமாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற வேலை. மற்றவர்கள் பீடி பிடிப்பது போல நான் கவலைப்படுவேன். ஒன்று அணைவதற்குள் இன்னொன்றைப் பற்றவைத்துவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் வெறும் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆவது?

"அது கூடவா, கொறைச்சலா?" என்று பின்னாலேயே ஓடிக் கேட்டேன் ஒரு தடவை.

"நம்பர் சொல்லிட்டேன் இல்ல?"

"அதுக்கு என்னாம்மா அர்த்தம்?"

"அர்த்தம் சொன்னா பயப்படுவ. பயந்தா ஏறும். ஏறினா திரும்ப நான் வந்து பட்டையச் சுத்தணும். எனக்கு வேற வேல இல்லியா?"

அவருக்கு வேறு வேலை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் பயந்தால் ஏறும் என்று சொன்னது உண்மைதான். பட்டையைச் சுற்றும்போதே என் நெஞ்சில் பறை அடிக்கத் தொடங்கிவிடும். அதனால் எனக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு வைத்திருந்தார். "எதிர்வூட்டு ஓட்டுல எத்தன புறா இருக்குது, எண்ணு" என்பார். நான் எண்ணுவேன். அந்தச் சாக்கில் பிசைந்து இறக்கிப் பார்த்துவிட்டு, "பதிமூணு" என்பார். ஒரு நாள் ஓட்டில் புறாவே இல்லை. எல்லாம் எங்கே போயின, பூனை கீனை பிடித்திருக்குமோ என்று நான் யோசிக்க, அன்றைக்குப் பதினைந்து.

அர்த்தம் தெரியாத எண்ணைத் தெரு சும்மா விடுமா? பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். தெருக்குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை வைத்த இடத்துக்காகச் சண்டை போட்டார்கள். தான்சியம்மா நடுவே புகுந்து, பெரிய குரல் யாருடையதோ அவள் கையை முதலில் பிடித்தார். பதினேழு. அப்புறம் மற்றவள் கை. பத்தொன்பது. "ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயி படுங்க" என்று பெட்டியை மூடினார். பதினேழுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அவளுக்குப் பத்தொம்போது, எனக்குப் பதினேழா? நானு அவள விட எந்த விதத்துலம்மா கொறைச்சல்? சரியாப் பாரு."

தான்சியம்மா சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. நடந்துவிட்டார். பத்தொன்பது வாங்கியவள் ஒரு வாரம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு தண்ணீர் எடுத்தாள். எனக்கு அந்த அம்மாள்மேல் மரியாதை உண்டு, பிரியமும் உண்டு. ஆனால் அன்றைக்குத்தான் ஒரு சின்ன உறுத்தல் வந்தது. இத்தனை தெரிந்தவர் இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அம்சாவுக்கு எட்டாம் மாதத்தில் கால் வீங்கியது. மெட்டி விரலில் புதைந்துகொண்டது. சோப்பு போட்டும் கழலவில்லை. மாமியார், "பிள்ளைத்தாச்சிக்கு நீர் கோக்கறது சகஜந்தான் மாப்ள, நீங்க மொகத்த அப்படி வெச்சிக்காதீங்க" என்றார். என் முகம் எப்போதுமே அப்படித்தான். தான்சியம்மாவை நானே போய் அழைத்து வந்தேன். பட்டையைச் சுற்றினார். முள் இறங்கியது. வழக்கத்தைவிட நேரம் எடுத்து இன்னொரு தரம் பிசைந்தார்.

"பதினாறு, பத்து."

என் மாமியாருக்குச் சந்தோஷம். கல்யாணத்தில் பெரியவர்கள் கைதூக்கி வாழ்த்துகிற எண் அல்லவா பதினாறு. எனக்கோ பதினாறாம் நாள் கருமாதி ஞாபகத்துக்கு வந்தது.

தான்சியம்மா அம்சாவின் வீங்கிய காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. "ஞாயித்துக்கெழம வந்து திரும்பப் பாக்கறேன். அதுவரிக்கும் படுத்தே கெட. வாயக் கட்டிக்க, என்னா?" என்றார். எண்ணுக்கு மேல் அவர் இத்தனை வார்த்தை பேசியதே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் எங்கள் தெருவில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு காரியம் நடந்தது. வாயைக் கட்டு என்றால் பத்தியமாக இரு, கண்டதைத் தின்னாதே என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் வந்ததிலிருந்து போகிறவரை பேசாதே பேசாதே என்று சொல்கிற ஒருவர் வாயைக் கட்டு என்றால் என்ன புரிந்துகொள்வது? அம்சா பேச்சை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள். நான் வேலைக்குக் கிளம்பினால் தலையை ஆட்டுவாள். கலியாணமான நாளிலிருந்து என்னோடு அவ்வளவு ஒத்துப்போனது அந்த வாரத்தில்தான்.

மாலை கோவிந்தன் வந்தான். பதினாறு என்று கேட்டதும் அவன் முகம் மாறியது.

"மாமா, எங்க மொதலாளிக்கு மதராஸ் டாக்டர் பாத்தாரு. நூத்தி இருவது. மனுஷனுக்கு அதான் கணக்காம். ரூபான்னா நூறு நயா பைசாங்கற மாதிரி, இதுக்கு நூத்தி இருவது. நம்ம அக்காவுக்குப் பதினாறுதான் இருக்குதுன்னா?"

மாமியார் வாழ்த்தையெல்லாம் மறந்து நெஞ்சில் கை வைத்தார். "நூத்தி இருவதுல பதினாறா? எம்பொண்ணு ஒடம்புல ரத்தமே இல்லியே. அதான் வெளுத்து ஊதிக் கெடக்குறா."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அத்த" என்றேன்.

"ரத்தம் இல்லாத ஒடம்ப அங்க கொண்டும்போனா, ஊசி போட்டுச் சோதிக்கிறேன்னு இருக்கறதையும் எடுத்துக்குவான். மொதல்ல ஊறட்டும். அந்தம்மாவே ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லியிருக்குது இல்ல?"

மறுநாள் விடியற்காலையிலேயே மாமியார் கனகசெட்டிக்குளத்துக்குப் போய், அங்கே தான் விற்கிற கருவாட்டை ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுவந்தார். நெத்திலி, வாளை, சுறா. உடம்புக்கு உரம் என்றால் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அதுதான். காலையில் பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு, பகலில் குழம்பு, ராத்திரி வறுவல். அம்சாவும் வாயைக் கட்டிக்கொண்டு, அதாவது ஒரு வார்த்தை பேசாமல், எல்லாவற்றையும் தின்றாள். தாகம் தாகம் என்று சொம்பைக் காட்டினாள். சனிக்கிழமை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் விரல்களை ஆட்டிக் காட்டினாள். பூச்சி பறக்கிறதாம். "பலக்கொறவுதான்" என்று மாமியார் இன்னும் ஒரு துண்டு வைத்தார். நான் விடிவதற்காகக் காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் சொன்ன நாள். தான்சியம்மா வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். நேராக உள்ளே வந்து, அம்சாவின் தட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கண் இமையெல்லாம் ஊதியிருந்தது. ஒன்றும் பேசாமல் பட்டையைச் சுற்றினார்.

"பதினெட்டு, பதினொண்ணு."

மாமியார் இரண்டு கையையும் கூப்பினார். "பாத்தீங்களா மாப்ள, ஒரு வாரத்துல ரெண்டு ஏறிடுச்சி. எல்லாம் என் கருவாடு. பிள்ள பொறக்கறதுக்குள்ள நூறாவது கொண்டாந்துடலாம்."

தான்சியம்மா காதிலிருந்து குழலை மெல்லக் கழற்றினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாயக் கட்டச் சொன்னேனே" என்றார்.

"கட்டித்தாம்மா இருக்கா. ஒரு வாரமா ஒரு வார்த்த பேசலியே. ஏண்டி, பேசினியா?"

அம்சா இல்லை என்று தலையாட்டினாள்.

தான்சியம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு பேசினார். பட்டணத்து வக்கீல் மாதிரி, நிறுத்தாமல். "ஏம்மா, மழக்காலத்துல உப்புச் சட்டி கசியுதே, பாத்திருக்கியா? காத்துல இருக்கற தண்ணிய அது இழுத்துக்குது. ரத்தத்துலயும் அதேதான். உப்பு எங்க இருக்குதோ அங்க தண்ணி போயி நிக்கும். இருக்கற கொழாயி அதேதான், உள்ள ஓடற தண்ணி மட்டும் ஏறிக்கிட்டே போனா? கொழாயி என்னா பண்ணும்? நெஞ்சு அத்தனையும் தள்ளணும். மூத்திரம் பிரிக்கற குண்டிக்காயி அத வெளிய அனுப்ப முடியாம தெணறுது, அதான் காலு ஊதுது, கண்ணுல பூச்சி பறக்குது. ரத்தம் கொறைஞ்சி போறது வேற, தான்சியோன் வேற. இது கொறைச்சல் இல்ல. நெறைய. ரொம்ப நெறைய. இப்படியே வுட்டா பொண்ணுக்கு வலிப்பு மாதிரி இசிவு வந்துடும். தம்பி, போயி ரிக்‌ஷா கூட்டியா."

நான் எழுந்து சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். கோவிந்தன்தான் ஓடினான்.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தவர் மதராஸ் பக்கத்திலிருந்து வந்த இளவயசு டாக்டர். மேஜைமேல் நீளமான பெட்டி, உள்ளே கண்ணாடிக் குழாயில் பாதரசம். அம்சாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொன்னார்: "நூத்தி எண்பது, நூத்திப் பத்து."

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வூட்ல பதினெட்டுதானேய்யா இருந்துது. வர்ற வழியில நூத்தி எண்பதாயிடுச்சா? டேய் கோவிந்தா, ரிக்‌ஷாக்காரன் மேடு பள்ளம் பாக்காம குலுக்குனான், நான் அப்பவே சொன்னேன்."

டாக்டர் திரும்பி, பதினெட்டு என்று யார் சொன்னது என்று கேட்டார். தான்சியம்மா பெட்டியைத் திறந்து தன் கடிகாரத்தைக் காட்டினார். அவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிக்கிற நேரம் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"அம்மா, பாதரசம் எவ்வளவு உயரம் ஏறுதுன்னு பாக்கறதுதான் இது. இவங்க பிரெஞ்சுக் கணக்குல சென்டிமீட்டர்ல சொல்றாங்க. நான் மில்லிமீட்டர்ல சொல்றேன். ஒரே முழக்கோல்தான். பதினெட்டும் நூத்தி எண்பதும் ஒண்ணு."

"அப்ப அன்னிக்குப் பதினாறு?" என்று கேட்டேன்.

"நூத்தி அறுபது. அதுவே அதிகம்தான்."

அம்சாவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். மேலே வெள்ளையாகத் திரண்டது, முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி. ரத்தத்தில் இருக்க வேண்டிய சத்து சிறுநீரகம் வழியாக ஒழுகுகிறது என்றார். அதைப் பார்த்த பிறகு நான் வெகுகாலம் முட்டை சாப்பிடவில்லை. அம்சாவை ஜன்னல் சாத்திய அறையில் இடது பக்கமாகப் படுக்கவைத்தார்கள். உப்பில்லாத கஞ்சி. ஊசி. பேச்சுச் சத்தம் கூடாது. எண் இறங்காவிட்டால் வலியை வரவழைத்துப் பிள்ளையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப் போட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

எண் இறங்கவில்லை. வலியை வரவழைத்தார்கள். மறுநாள் வெயில் ஏறிய பிறகு பெண் பிள்ளை பிறந்தது. ஒரு கைக்குள் அடங்குகிற அளவு, ஆனால் குரலுக்குக் குறைச்சல் இல்லை. பேச்சுச் சத்தம் கூடாது என்று எழுதி வைத்திருந்த பலகைக்குக் கீழேயே கத்தியது. மாமியார் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, இனி கருவாட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று கடற்கரைப் பக்கம் இருக்கிற எல்லா அம்மனுக்கும் சத்தியம் செய்தார். "நீ பாக்காட்டி யாரு வித்துத் தருவா?" என்றான் கோவிந்தன். முறைத்தார்.

ஆனால் அம்சாவைப் பற்றி டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை வெளியே வந்தாலும் சில மணி நேரம் பார்க்க வேண்டுமாம். நான் தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்து, என்னென்ன ஆகலாம் என்பதை ஒவ்வொன்றாக எடுத்து ஆகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தான்சியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வழக்கம்போலப் பேசாதே என்பார் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்தான் பேசினார்.

"சைகோன்ல அவருக்குத் தலவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். இருவத்திரெண்டுன்னு சொன்னாங்க. வெள்ளக்காரச்சி, சீட்டு எழுதிக்கினே சொன்னா. நெறையவா கொறைச்சலான்னு எனக்குத் தெரியல. கேக்க பாஷையும் வரல. அவருக்கு அப்ப வயசு நாப்பத்தி நாலு. சரி, வயசுல பாதிதானே இருக்குதுன்னு சந்தோஷமா வூட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். வழியில மீன் வாங்கினோம்."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார் என்று பட்டது.

"அவரு போனப்புறம்தான் கன்னியாஸ்திரி மதருங்க எனக்கு அர்த்தம் சொல்லிக்குடுத்தாங்க. கேட்டதும் ராத்திரியெல்லாம் தூக்கம் போச்சி. தெரியாம இருந்த வரிக்கும் நாங்க நல்லாதான் இருந்தோம்னு தோணிச்சி. அதனால நம்பரோட நிறுத்திப்பேன். மத்தவங்க எதுக்குப் பயப்படணும், நானே பாத்துக்குவேன்னு." கொஞ்ச நேரம் பெட்டியின் கொக்கியை மூடி மூடித் திறந்தார். "ஒம்பொண்டாட்டிகிட்டயும் அப்படித்தான் பண்ணேன்."

கோவிந்தன் வாங்கி வைத்திருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். குடித்தார்.

அறைக் கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்தார். நான் எழுந்துவிட்டேன்.

"நூத்தி முப்பது, எண்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நான் தான்சியம்மாவைப் பார்த்தேன். கேட்க வாயெடுப்பதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"பதிமூணு" என்றார். "நல்லா இருக்குது, தம்பி. பொழச்சிக்கிச்சி. போயி ஏதாவது சாப்புடு."